வெடுக்கனும் நல்லமுத்தும்

குளக்கரைப் புளியமரத்தின் அடியில் வளை தோண்டி, முள்ளழகி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவள் பொம்மலாட்டக்காரி. புற்றுமேடு, மூங்கில்தோப்பு, பாறையடி என்று காட்டில் எந்தக் குடியிருப்பில் அவள் ஆட்டம் போட்டாலும் குட்டிகள் கூட்டம் கூட்டமாக ஓடி வரும்.

தோலில் பொம்மை செய்தால் நன்றாகத்தான் ஆடும். ஆனால் காட்டிலே "தோல்" என்று வாயைத் திறந்தாலே, "யார் தோல்?" என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எதற்கு வம்பு? முள்ளழகி தேக்கிலையில் பொம்மை செய்வாள். கையையும் காலையும் நாரால் கட்டுவாள். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளையே குச்சியாகச் செருகுவாள். காரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பொம்மைகளை மேலே தூக்கிப் பிடித்து ஆட்டுவாள்.

நாவல் மரங்கள் காய்த்துக் குலுங்கிய ஒரு பருவம். காட்டுத் தலைவரான காட்டெருமை கொம்பையா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏ முள்ளழகி! நாவல் பழுக்கப் போகுது. அதுக்குள்ள நம்ம முறையைக் குட்டிங்களுக்குச் சொல்லிக் குடுத்துடு. நாங்க சொன்னா எவனும் காதுல போட்டுக்க மாட்டேங்கறான்!"

அந்தக் காட்டில் நாவல் பழத்துக்கு ஒரு முறை இருந்தது. மரத்தை உலுக்கிப் பழம் விழுந்ததும், சின்ன வாய் முதலில் எடுக்க வேண்டும். பெரிய வாய் கடைசியில் எடுக்க வேண்டும். பெரிய வாய் முதலில் வந்தால் ஒரே மடக்கில் தரையைத் துடைத்துவிடும் அல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு.

"இவ்வளவுதானே தலைவரே! ஒரே ஆட்டத்துல திருத்திக் காட்டறேன்!" என்றாள் முள்ளழகி. அவளுக்குத் தன் தொழிலில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இரண்டு பொம்மைகள் செய்தாள். ஒருவன் வெடுக்கன். அகன்ற வாய், ஆடுகிற இடுப்பு. யார் கையில் எது இருந்தாலும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வான். பிடுங்கிவிட்டு ஒரு குத்தாட்டம் போடுவான்.

"வெடுக்கு வெடுக்கு வெடுக்கய்யா!
எடுத்தது எல்லாம் எனக்கய்யா!"

இன்னொருவன் நல்லமுத்து. ஓரமாக விறைப்பாய் நின்று, "பிடுங்கித் தின்பது தப்பு! பகிர்ந்து உண்பதே சிறப்பு!" என்று புத்தி சொல்வான். கடைசியில் வெடுக்கனுக்கு வயிறு உப்பிப்போகும். "ஐயோ! அம்மா!" என்று உருண்டு உருண்டு அழுவான். "பார்த்தீர்களா குழந்தைகளே!" என்பான் நல்லமுத்து. அத்தோடு ஆட்டம் முடியும்.

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "முள்ளக்கா! இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்தின. முள்ளழகிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'காடு திருந்திடுச்சு' என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

பொழுது விடிந்தது. கூடவே வினையும் விடிந்தது.

குரங்குக்குட்டி துள்ளான், அணில் கையிலிருந்த கொட்டையை வெடுக்கென்று பிடுங்கினான். பிடுங்கியவன் சும்மா போனானா? இடுப்பை ஆட்டிக்கொண்டு, "எடுத்தது எல்லாம் எனக்கய்யா!" என்று பாடினான். அவனைப் பார்த்துக் கரடிக்குட்டி பிடுங்கியது. கரடிக்குட்டியைப் பார்த்து நரிக்குட்டி பிடுங்கியது. பிடுங்கித் தின்றுவிட்டு எல்லாக் குட்டிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஐயோ! அம்மா!" என்று உருண்டன. அவர்களுக்கு ரொம்பப் பிடித்த கட்டமே அதுதான்!

விளையாட்டு அதோடு நிற்கவில்லை. முயல்குட்டி பஞ்சு ஒரு கிழங்கைக் கொறித்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் சேர்ந்து அதைப் பிடித்து இழுத்த இழுப்பில், பஞ்சு பாறையில் போய் விழுந்தாள். முன்னங்கால் வீங்கிவிட்டது.

அவ்வளவுதான்! காடே திரண்டு புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. முன்னால் வந்தவள் துள்ளானின் அம்மா, குரங்கு வாலம்மா.

"நல்லது சொல்லிக் குடுன்னா, நாசமாக்கிட்டியேடி! என் பிள்ளை தங்கக் கம்பி! உன் பொம்மையாலதான் கெட்டான்!"

"எங்க வீட்ல பிடுங்கித் திங்கிற பழக்கமே கிடையாது!" என்றார் கரடி தேனப்பன். சொல்லிக்கொண்டே, வாலம்மா கையிலிருந்த அத்திப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆத்திரத்தில் வாலம்மா அதைக் கவனிக்கவில்லை. முள்ளழகி கவனித்தாள். ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறக்க அவளுக்கு ஏது தைரியம்?

கொம்பையா தரையைக் குளம்பால் உதைத்தார். எல்லாரும் அடங்கினார்கள்.

"முள்ளழகி! நாவல் பழுத்ததும் நான்தான் மரத்தை முதல்ல உலுக்குவேன். அன்னிக்குக் குட்டிங்க முறைப்படி எடுத்தா, நீ இங்கேயே இரு. பிடுங்கினா, மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடணும். அவ்வளவுதான் பேச்சு!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் முள்ளழகிக்கு யாரைத் தெரியும்? பிறந்தது இந்தப் புளியமரத்தடி. ஆட்டம் பார்க்கிற குட்டிகளும் இங்கே. அவள் வளைக்குள் போய் வெடுக்கனைத் தூக்கி ஒரு மூலையில் எறிந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டா, பாவி! இனிமே உனக்கு ஆட்டமே கிடையாது!"

மறுநாள் நல்லமுத்துவை மட்டும் வைத்து ஆட்டம் போட்டாள். நல்லமுத்து பேசினான். பேசினான். பேசிக்கொண்டே இருந்தான். முதலில் நரிக்குட்டி நழுவியது. அப்புறம் துள்ளான் கிளைக்குத் தாவிவிட்டான். கரடிக்குட்டி குறட்டை விட்டது, பிறகு விழித்து எழுந்து போய்விட்டது. முள்ளழகி புதருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு ஆமைக்குட்டி இருந்தது.

"நீயாவது இருக்கியே, என் ராசா!" என்று உருகினாள்.

"நானும் கிளம்பிட்டேன் அக்கா. வேகமாப் போக முடியல" என்றது ஆமைக்குட்டி.

முள்ளழகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சுவைப் பார்த்து வரலாம் என்று முயல் வளைக்குப் போனாள். பஞ்சு காலில் பச்சிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கடி கண்ணு. அந்த வெடுக்கனாலதான் உனக்கு இந்த வலி. அவன் மேல கோவமா இருக்கியா?"

"இல்லியே! கால் சரியானதும் நானும் வெடுக்கனா ஆடப் போறேன்!"

முள்ளழகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி? நல்லமுத்து நல்லவன்தானே? அவனா ஆடக் கூடாதா?"

"ஐய! அவன் எங்க அம்மா மாதிரி. நல்லது சொல்லும்போதெல்லாம் மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்குவான்."

பக்கத்தில் நின்ற முயலம்மா, "வாயைப் பாரு வாயை!" என்று அதட்டினாள். சொன்னபோது அவள் மூஞ்சியும் உர்ரென்றுதான் இருந்தது.

முள்ளழகி யோசித்துக்கொண்டே நடந்தாள். 'நான் ஆட்டம் காட்டறது ஒரு பொழுது. மத்த நேரமெல்லாம் குட்டிங்க வீட்லதானே இருக்கு? வீட்டு ஆட்டத்தைத்தானே பாக்குது? அப்போ குட்டிங்களுக்கு மட்டும் சொல்லி என்ன புண்ணியம்?'

உடனே காடு முழுக்கச் சொல்லி அனுப்பினாள்: "பெற்றவர்களுக்கு ஒரு வகுப்பு! வெயில் தாழ்ந்ததும் புளியமரத்தடிக்கு வாருங்கள்!"

"எங்களுக்கா வகுப்பு?" என்று வாலம்மா குதித்தாள். "பெத்து, பேன் பார்த்து, முதுகுல சுமந்து வளர்த்தவளுக்கு இவ வகுப்பு எடுக்கறாளா? இவளுக்கு ஒரு குட்டி உண்டா, குருமான் உண்டா?"

"தலைவருக்கு எதுக்கு வகுப்பு?" என்று கொம்பையா திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முள்ளழகி மறுபடி சொல்லி அனுப்பினாள்: "வகுப்பு இல்லை. வருகிறவர்கள் பொம்மையைத் தங்கள் கையாலேயே ஆட்டிப் பார்க்கலாம்!"

கொம்பையாவைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கும் பொம்மை மேல் ஆசை இருக்காதா, என்ன? குட்டிகளும், கொம்பையாவின் கன்று காரியும் கூடவே வந்து கிளைகளிலும் புதரோரங்களிலும் உட்கார்ந்துகொண்டன.

முள்ளழகி வெடுக்கனையும் நல்லமுத்துவையும் பாறைமேல் வைத்தாள். "இந்தாங்க, ரெண்டு பொம்மை. ஆளுக்கு ஒரு தடவை ஆட்டலாம். யாருக்கு எது வேணும்?"

கேட்டு வாய் மூடவில்லை. வாலம்மா பாய்ந்து வெடுக்கனைப் பிடித்தாள். தேனப்பன் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். நரியம்மா கழுத்தைப் பிடித்தாள். "எனக்குத்தான்!" "நான்தான் முதல்ல எடுத்தேன்!" "விடுய்யா கையை!" ஒரே தள்ளுமுள்ளு. நல்லமுத்துவை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அப்போது மரத்தின் மேலிருந்தும் புதரோரத்திலிருந்தும் குட்டிகள் எல்லாம் சேர்ந்து ராகம் போட்டுப் பாடின.

"வெடுக்கு வெடுக்கு வெடுக்கய்யா!
எடுத்தது எல்லாம் எனக்கய்யா!"

பெரியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தேனப்பன் பிடித்திருந்த காலை மெல்ல விட்டார். "சும்மா... ஒரு விளையாட்டுக்கு..." என்று முனகினார். நரியம்மா வானத்தில் எதையோ தேடுகிறவள் போலப் பார்த்தாள்.

முள்ளழகி அவர்களைக் குத்திக்காட்டவில்லை. அவளிடம் முள்ளுக்குப் பஞ்சமா? ஆனாலும் அன்றைக்கு ஒரு முள்ளைக்கூட நீட்டவில்லை. நல்லமுத்துவை எடுத்து வாலம்மாவிடம் கொடுத்தாள்.

"வாலம்மா, நீ நல்லா நடிப்பே. துள்ளான் கையில ஒரு பழம் இருக்கு. அதைப் பஞ்சுவோட பகிர்ந்துக்கச் சொல்லணும். நல்லமுத்து எப்படிச் சொல்லுவான், ஆடிக் காட்டு பார்ப்போம்."

வாலம்மா பொம்மையைத் தூக்கிப் பிடித்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "டேய் துள்ளான்! அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறியா, இல்லை முதுகுத் தோலை உரிக்கட்டுமா? எத்தனை வாட்டிடா சொல்றது, மூதேவி!"

"அச்சு அசல் எங்க அம்மா!" என்று துள்ளான் கை தட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். வாலம்மாவும் சிரித்தாள். ஆனால் பாதிச் சிரிப்பிலேயே அவள் முகம் வாடிவிட்டது.

"நான் இப்படியாடா பேசறேன்?"

துள்ளான் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே சொன்னான். "ஆமா அம்மா. நீ அடுத்தவங்க பழத்தைப் பறிச்சுட்டு வர்றப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டே வருவே. எங்களையும் தூக்கிச் சுத்துவே. குடுக்கச் சொல்றப்பத்தான் கத்துவே. அதனால பறிக்கிறதுதான் ஜாலின்னு நினைச்சேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். வாலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மனசு அல்லவா? பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தேனப்பனும் நரியம்மாவும் தங்கள் குட்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நம்ம குட்டி என்ன சொல்லித் தொலைக்குமோ என்று பயம்!

முள்ளழகி வாலம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் மடியில் கிடந்த நல்லமுத்துவின் முதுகு அவள் கண்ணில் பட்டது. 'அடக் கடவுளே!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அழாதே வாலம்மா. குத்தம் உன்மேல மட்டும் இல்லை. இங்கே பாரு! வெடுக்கனுக்குக் கைக்கு முள்ளு, காலுக்கு முள்ளு, இடுப்புக்கு முள்ளு வச்சிருக்கேன். அதனால அவன் ஆடறான். நல்லமுத்துவுக்கு முதுகுல ஒத்தை முள்ளு! அவன் எப்படி ஆடுவான்? இருக்கற நல்ல முள்ளையெல்லாம் கெட்டவனுக்கு வாரிக் குடுத்துட்டு, நல்லவனைக் கட்டை மாதிரி நிக்க வச்சுட்டேனே!"

உதிர்ந்த முள் கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. முள்ளழகி பல்லைக் கடித்துக்கொண்டாள். முதுகிலிருந்த முள்ளையே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உயிர் போகிற வலி! "ஸ்ஸ்... ஆ!" என்று துடித்தாள். வாலம்மா ஓடிப்போய்ப் பச்சிலை பறித்து வந்து தடவிவிட்டாள்.

நல்லமுத்துவின் கையிலும் காலிலும் இடுப்பிலும் முள் ஏறியது. முள்ளழகி அவனைத் தூக்கிப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். இடுப்பு சுழன்றது! கை வீசியது! ஒரு பழத்தை மேலே எறிந்து, தலையால் முட்டி, துள்ளான் மடியில் விழவைத்தான் நல்லமுத்து.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு!
ஓடிவந்தா இன்னொண்ணு உனக்கு!"

"எனக்கு! எனக்கு! எனக்கு எறி!" என்று குட்டிகள் மரத்திலிருந்து பொலபொலவென்று குதித்தன. பெரியவர்கள் வெடுக்கனை மறந்துவிட்டு, "அதை எனக்குக் குடு, நான் ஒரு தடவை" என்று வரிசையில் நின்றார்கள். ஆமாம், வரிசையில்தான்! தேனப்பன் ஆடியபோது புதர் இரண்டு ஒடிந்துபோனது. போகட்டும், புதர் முளைத்துக்கொள்ளும்.

கிளம்பும்போது முள்ளழகி எல்லாருக்கும் ஒரே ஒரு வேலை சொன்னாள். "வீட்ல இனிமே புத்தி சொல்லாதீங்க. குட்டி எதைச் செய்யணும்னு ஆசைப்படறீங்களோ, அதை அது கண்ணு முன்னால நீங்க செய்ங்க. சிரிச்சுக்கிட்டே செய்ங்க. அது போதும்."

சொல்வது சுலபம். செய்கிறவர்களுக்கு அல்லவா கஷ்டம் தெரியும்! தேனப்பன் முதல் தேனடையை அணில் வீட்டுக்குக் கொடுக்கப் போனவர், பாதி வழியில் பாதியை நக்கிவிட்டார். மறுநாள், வாசனை இழுக்காமல் இருக்க மூக்கைத் திருப்பிக்கொண்டே, மீதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முயலம்மா பஞ்சுவுக்குப் புல் ஊட்டும்போது சிரித்துப் பழகினாள். முதலில் பஞ்சு பயந்துபோய், "அம்மா, பல்லு வலியா?" என்று கேட்டாள். வாலம்மா தன் பழத்தில் நல்லதாகப் பொறுக்கி, பஞ்சு வளைக்குக் கொண்டுபோய், குட்டிக்கரணம் போட்டுக் கொடுத்தாள். துள்ளான் பின்னாலேயே போய்ப் பார்த்தான். மறுநாள் அவன் இரண்டு குட்டிக்கரணம் போட்டான்!

நாவல் பழுத்துக் கறுத்தது. உலுக்கும் நாள் வந்தது. காடு முழுவதும் மரத்தடியில் கூடியது. முள்ளழகி பொம்மைகளை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, ஒரு வேரின் ஓரமாக ஒண்டி நின்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண் போய்ப் போய் வந்தது.

கொம்பையா பின்னால் நகர்ந்து, ஓடிவந்து, 'தொம்' என்று மரத்தை முட்டினார். கறுகறுவென்று பழமழை கொட்டியது!

ஒரு பெரிய கொத்து துள்ளானின் காலடியில் விழுந்தது. துள்ளான் அதைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான். வெடுக்கென்று குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினான். முள்ளழகி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'போச்சு! எல்லாம் போச்சு!'

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு!" என்ற பாட்டுக் கேட்டது. கண்ணைத் திறந்தாள். கூட்டத்தின் கடைசியில் நொண்டிக்கொண்டு நின்ற பஞ்சுவின் முன்னால் துள்ளான் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். பஞ்சுவின் வாய் முழுக்க நாவல் சாறு! கரடிக்குட்டி பழங்களை மூக்கால் உருட்டி அணில்களிடம் தள்ளியது. நரிக்குட்டி ஒன்றை எறிந்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்ன வாய்கள் முதலில் தின்றன.

முள்ளழகிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அப்போதுதான் வந்தது ஆபத்து.

மரத்தை முட்டிய களைப்பில் கொம்பையாவுக்கு நல்ல பசி. மூக்குக்கு நேராக ஒரு குவியல் பழம் கிடந்தது. முறை என்ன, வரிசை என்ன, தலைவருக்கு ஒன்றும் நினைவில்லை. நாக்கை நீட்டி, லபக்கென்று வாரி வாயில் போட்டுக்கொண்டார்!

யார் கேட்பது? தலைவரை யார் கேட்பது? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கொம்பையாவுக்கும் புரிந்துவிட்டது. வாய் நிறையப் பழம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாராவது ஒரு வார்த்தை குற்றம் சொல்லட்டும், முட்டித் தள்ளிவிடுவோம் என்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

அவருடைய கன்றுக்குட்டி காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. குற்றம் சொல்லவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. அந்தக் கொழுத்த இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு அப்பா முன்னால் ஓர் ஆட்டம் போட்டது.

"அப்பா! நீங்க வகுப்புக்கு வரல இல்ல? அதான் தெரியல! பெரிய வாய் கடைசியில! வாங்க, நான் சொல்லித் தர்றேன். இடுப்பை இப்படி ஆட்டணும்!"

கொம்பையா முறைத்தார். காரி இன்னும் வேகமாக ஆடி, கால் தடுக்கி, பழத்தில் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான்! கொம்பையாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. வாயிலிருந்த பழமெல்லாம் நாலா பக்கமும் சிதறியது. அணில் குஞ்சுகள் ஓடி ஓடிப் பொறுக்கின. தலைவர் சிரித்துக்கொண்டே மகனுக்குப் பக்கத்தில் நின்று, ஊர் பார்க்க, கனத்த இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டினார். காடு சிரித்த சிரிப்பில் இன்னும் நாலு நாவல் பழம் உதிர்ந்தது.

"முள்ளழகி! மூட்டையை அவுத்துப் போடு. நீ எங்கேயும் போகக் கூடாது!" என்றார் கொம்பையா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆமா, உன் அடுத்த வகுப்பு எப்போ? எனக்கும் ஒரு இடம் போட்டு வை."

நல்லதை முகம் சுளித்து வாயால் சொன்னால் பிள்ளைகள் விலகிப் போகும். அதையே பெற்றவர்கள் சிரித்த முகத்தோடு செய்து காட்டினால் தாமாகவே பின்னால் வரும்.